கீரைப் பாத்தியில் பூனைக் குழி: புளியரை வீடொன்றில் 2 மாத நோட்டம்

போன வருஷம் வைகாசிக் கடைசியில் அம்மா விதைத்த சிறுகீரை முளைக்கவில்லை. முளைக்க விடவில்லை என்று சொல்வதுதான் சரி. நாலாம் நாள் காலையில் புறவாசலிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, இங்கன வந்து பாரு, மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கு." போய்ப் பார்த்தால் பாத்தியில் மூன்று இடத்தில் குழி, குழிமேல் அழகாகக் குவித்த மண், குவியலுக்கு அடியில் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அம்மா உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். "சேச்சி வீட்டுப் பூனைதான்." சேச்சி என்பது பக்கத்து வீட்டு மலையாளத்து அக்கா.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். இந்தத் தடவை அப்படி விட முடியவில்லை. தங்கச்சி வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பூனை மலம் கிடக்கும் மண்ணை அவள் கையால் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ சும்மா இருக்க முடியாமல் காலையிலும் மாலையிலும் அந்தப் பாத்தியில்தான் களை பிடுங்குவாள். அதனால் நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் எழுதி எழுதி 2 மாதம் நோட்டம் பார்த்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதுவது இது.

இடம்

செங்கோட்டையிலிருந்து மலையேறி ஆரியங்காவு போகும் சாலையில், கேரளத்துக்குள் நுழையுமுன் வருகிற ஊர் புளியரை. 1956 நவம்பர் 1 வரை இந்த வட்டாரம் திருவிதாங்கூரில் இருந்தது. அந்தக் காலத்துக் கட்டுமானம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. சரிந்த ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி 3 அடிக்கு மேல் நீண்டிருக்கும் இறவாரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாகச் சாரல் அடித்துக்கொண்டே இருக்கும் ஊரில் அப்படித்தான் கட்ட முடியும்.

கீரை விதை கடுகைவிடச் சின்னது. சாரல் காலத்தில் வெட்டவெளியில் விதைத்தால் மொத்தமும் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். அதனால் அம்மா வீட்டின் கிழக்குப் பக்கம், காற்று மறைவில், இறவாரத்துக்கு அடியில் 12 அடி நீளத்துக்குப் பாத்தி போட்டிருந்தாள். மண்ணைச் சலித்து, மக்கின சாணமும் தென்னை நார்க்கழிவும் கலந்து, பொலபொலவென்று வைத்திருந்தாள். விரலை விட்டால் இரண்டு கணு இறங்கும். தண்ணீரைக் கையால் தெளிப்பாள், அதுவும் காலையில் ஒரே ஒரு தடவை.

வழக்கின் பாதி இந்தப் பத்தியிலேயே இருக்கிறது. எனக்கு அது புரிய மூன்று வாரம் ஆனது.

கேட்டதெல்லாம் செய்தோம்

முதல் 10 நாள் யார் என்ன சொன்னாலும் செய்தோம். சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டில் முதலில் வந்தது. தெருவில் பாதி வீட்டு வாசலில் அது நிற்கிறது, நாய்க்கும் பூனைக்கும் ஆகாதாம். நாலு பாட்டில் வைத்தோம். மூன்றாம் நாள் ஒரு பாட்டிலை ஒட்டியே குழி இருந்தது, பாட்டிலைத் துணைக்கு வைத்துக்கொண்டு தோண்டியதுபோல. அத்தோடு பாட்டில்கள் குப்பைக்குப் போயின.

அப்புறம் எலுமிச்சைத் தோல். புளியங்குடி எலுமிச்சை மூட்டையாக வந்து ஊறுகாய் போட்ட நேரம், தோலுக்குப் பஞ்சமில்லை. 2 நாள் பாத்தி சுத்தமாக இருந்தது. பூனைக்கு அந்த வாசனை பிடிக்காது என்பது உண்மைதான் போல. ஆனால் தோல் காய்ந்ததும் வாசனை போய்விடுகிறது, ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து எறும்பு மொய்க்கிறது. தினமும் மாற்றுவதற்கு யாருக்குப் பொழுது இருக்கிறது.

மிளகாய்ப் பொடிக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. பூனை பாதத்தை நக்கித்தான் சுத்தம் செய்யும். பொடி வாய்க்கும் கண்ணுக்கும் போகும். அந்த வேதனையில் அது இன்னும் நாலு செடியைத்தான் புரட்டும்.

அந்துருண்டை பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரரிலிருந்து சொந்தக்காரர் வரை எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அந்துருண்டையில் பெரும்பாலும் இருப்பது நாஃப்தலீன். இந்த வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு ரொம்பக் குறைவு. பினாயிலும் அப்படித்தான். மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடுவதும் இதே குறையால்தான். சரி, பூனையை விடுங்கள். நாம் பறித்துத் தின்கிற கீரைக்கு நடுவே, பிள்ளைத்தாச்சி மூச்சு விடுகிற இடத்தில், ஆவியாகிக்கொண்டே இருக்கும் நஞ்சை ஏன் புதைக்க வேண்டும்? "பாச்சை உருண்டைதானே" என்று அம்மா இழுத்தாள். பீரோவில் வைக்கிறது பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

விஷம் வைக்கலாம் என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். பாரதிய நியாய சம்ஹிதையின் 325ஆம் பிரிவில், விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ 5 வருஷம் வரை சிறை உண்டு என்று சொன்னதும் பேச்சை மாற்றினார்.

மைத்துனர் ஊரிலிருந்து ஒரு கருவி அனுப்பினார். ஆள் நடமாட்டம் தெரிந்தால் நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்புமாம். வேலை செய்கிறதா இல்லையா என்று நம் காதுக்குத் தெரியாத கருவியை எப்படி நம்புவது? ஒரு வாரச் சாரலில் அது நனைந்து நின்றுபோனதால் எனக்கு அந்தக் கவலையும் போயிற்று.

சாம்பலும் சேறும்

இப்படியே போனால் ஆடி பிறந்துவிடும் என்று தோன்றியதும் வேறு வழிக்கு வந்தேன். வருவது யார், எதற்கு, எப்போது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எதைச் செய்தாலும் அது நீல பாட்டில்தான்.

இறவாரத்துக்கு அடியில் காய்ந்த இடத்தில் அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பரப்பினேன். சுற்றுச்சுவர்மேல் சாரலில் சாம்பல் நிற்காது. அங்கே செம்மண்ணைக் குழைத்து விரற்கடை கனத்துக்குப் பூசினேன். ஈரச் சேற்றில் கால்தடம் அச்சுப்போல விழும். பூனையின் தடம் உருண்டையாக, நாலு விரலோடு இருக்கும். நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் நகக்கீறல் விழாது. நாய்த்தடத்தில் நகம் தெரியும்.

இரண்டாம் நாளே ஒரு திருப்பம். பப்பாளி மரத்தை ஒட்டிய சுவரில் விழுந்திருந்த தடத்தில் விரல் ஐந்து, நகமும் பதிந்திருந்தது. பக்கத்திலேயே சுவர்மேல் மலம், மூடப்படாமல், முழுக்கப் பப்பாளி விதை. பூனை பப்பாளி தின்னாது, சுவர் உச்சியில் வைத்துவிட்டும் போகாது. சேச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததுமே சொன்னார். "இது எங்க பூச்சையில்ல கேட்டோ. மரப்பட்டியாக்கும்."

மரநாய். இந்தப் பக்கத்து ஓட்டு வீட்டு மச்சுகளில் பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரியில் இறங்கும் பிராணி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, கை வைக்கக் கூடாது. ஒரு வருஷமாகப் பப்பாளி போன கணக்கையெல்லாம் அம்மா சேச்சி வீட்டுப் பூனைகள்மேல்தான் எழுதி வைத்திருந்தாள். அந்தக் கணக்கு அன்றைக்கே தீர்ந்தது. அம்மா முகத்தை மட்டும் அன்று முழுக்கப் பார்க்க முடியவில்லை.

மிச்சத்துக்கு நாலு நாள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து அடுக்களை ஜன்னலில் உட்கார்ந்தேன். வந்தவை மூன்று.

மூவண்ணப் பெட்டை ஒன்று. கறுப்பும் செம்பட்டையும் வெள்ளையும் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெட்டையாகத்தான் இருக்கும். அந்த நிறம் மரபில் அமைகிற விதம் அப்படி. பாத்தியில் குழி தோண்டுவது இவள் மட்டும்தான், அதுவும் பால்காரர் வருவதற்கு அரை மணி முன்னால், நாள் தவறாமல். அடுத்தது ஒரு வெள்ளை. இது தோண்டுவதே இல்லை, மதியம் வந்து செடிமேல் படுத்துத் தூங்கும். எழுந்துபோகும்போது பாய் மடித்த மாதிரி கீரை மடிந்திருக்கும். மூன்றாவது ஒரு கடுவன், தலை பெருத்த கிழட்டு ரவுடி. பாத்தியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தொழுவத்துத் தூணுக்கு முதுகைக் காட்டி, வாலைத் தூக்கி நடுக்கி, பீய்ச்சிவிட்டுப் போய்விடும். புறவாசலில் அடித்த நாற்றம் முழுக்க இதனுடையது.

ஆக, 'பூனைத் தொல்லை' என்று ஒரே பெயர் வைத்திருந்தோமே தவிர, உள்ளே நாலு வேறு சங்கதி. ஒன்றுக்குக் கக்கூஸ் வேண்டும், ஒன்றுக்குப் படுக்கை வேண்டும், ஒன்றுக்கு எல்லைக்கல் நட வேண்டும், நாலாவது பூனையே இல்லை.

ஏன் இப்போது?

சேச்சி இந்தப் பூனைகளுக்கு ஆறேழு வருஷமாகச் சோறு வைக்கிறார். அம்மா அதைவிட நாளாகக் கீரை போடுகிறாள். அந்த வருஷம் மட்டும் என்ன வந்தது?

பதில் இரண்டு வீடு தள்ளி இருந்தது. அங்கே ஒன்றரை வருஷமாக வீடு கட்டினார்கள். வாசலில் எப்போதும் இரண்டு யூனிட் மணல், மேலே தகரம் போட்டு மூடி. வைகாசியில் வேலை முடிந்து மிச்ச மணலை டிராக்டரில் அள்ளிவிட்டு, வாசல் முழுக்கக் கல் பதித்துவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த கொத்தனாரைக் கடையில் பார்த்துக் கேட்டேன். சிரித்தார். "அதை ஏன்க்கா கேக்கிய, பூச்சுக்கு மணல் சலிக்கப்ப நெதமும் சல்லடையில அதுதான் நிக்கும்."

வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. காய்ந்த, தளர்ந்த மண்ணைத் தேடித் தோண்டி மூடுவது அதிலிருந்து வந்த பழக்கம். மணல் குவியல் போன அதே வாரம் சாரல் பிடித்தது. ஊர் முழுக்க மண் சொதசொதவென்று ஆயிற்று. பெட்டை நின்று யோசித்திருந்தால், காய்ந்து பொலபொலவென்று சலித்த மண், மேலே கூரை, காற்று மறைவு என்று தெருவில் மிச்சமிருந்தது ஒரே இடம்தான். அம்மா விதைக்காகச் செய்த அத்தனையும் அவளுக்காகச் செய்ததுபோல் அமைந்துவிட்டது.

பூனைவணங்கி

ஒன்று மட்டும் இதில் அடங்கவில்லை. ஆனி நடுவில் ஒரு சாயங்காலம், தோண்டவே தோண்டாத வெள்ளையும் திமிர்பிடித்த கடுவனும் சேர்ந்து பாத்தி ஓரத்தில் புரண்டுகொண்டிருந்தன. உருண்டு, கன்னத்தைத் தேய்த்து, எதையோ மென்று, கண் சொருகி. குடித்துவிட்டு வாய்க்கால் ஓரத்தில் கிடப்பவர்களைப் பார்த்த ஞாபகம் வந்தது. 3 அடி நீளத்துக்குக் கீரை நசுங்கிவிட்டது.

விரட்டிவிட்டுப் பார்த்தால் அங்கே கிடந்தது தங்கச்சி காலையில் பிடுங்கிப் போட்ட களை. குப்பைமேனி.

செங்கோட்டை நாட்டு மருந்துக் கடையில் இதைச் சொன்னதும் பெரியவர் ஆச்சரியமே படவில்லை. "அதுக்குப் பேரே பூனைவணங்கிதானம்மா." சிரங்குக்கு அரைத்துப் போடும் செடி என்ற அளவில்தான் எனக்கு அதைத் தெரியும். பெயரின் காரணம் வேரில் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும்வரை பூனை அதைச் சட்டை செய்வதில்லை. பிடுங்கி வேர் வெளியே தெரிந்தால் அந்த வாசனைக்கு மயங்கிவிடும். மேல்நாட்டில் பூனைப் புதினா என்று ஒரு செடிக்குச் சொல்கிறார்களே, அதே மாதிரி வேலை.

நாங்கள் வாரம் இரண்டு தடவை களை பிடுங்கி, மண் காயாமலிருக்கட்டும் என்று அதைப் பாத்தி ஓரத்திலேயே பரப்பிவிடுவோம். ஒரு கையால் விரட்டிக்கொண்டு மறு கையால் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறோம். செடிக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் குப்பைமேனி என்ற பெயரோடு நிறுத்திக்கொண்டோம்.

செய்தவை

முதல் வேலை பெட்டைக்கு இடம் காட்டுவது. பழைய தொழுவத்தின் மேற்கு மூலையில், ஓடு நனையாத இடமாகப் பார்த்து, ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி ஆற்று மணல் 5 சட்டி கொட்டினேன். பாத்தியில் எடுத்த மலத்தையும் அது கிடந்த மண்ணையும் ஒரு கரண்டி அங்கே புதைத்தேன். தன் வாசனை இருந்தால்தான் தன் இடம் என்று அதற்குத் தெரியும். பிடுங்கிய குப்பைமேனியை இனி மணல் குழிக்குப் பக்கத்தில்தான் போடுவது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பாத்தியைக் கெடுத்த அதே வேர் இங்கே ஆள் பிடித்துக் கொடுத்தது. மூன்றாம் நாள் மணலில் முதல் குழி.

கூடவே பாத்தியைப் பூனைக்கு ஆகாததாக ஆக்க வேண்டியிருந்தது. இலந்தை முள்ளை வெட்டிப் பரப்பியது நன்றாகவே வேலை செய்தது, ஆனால் கீரை பறிக்கிற அம்மாவின் விரலையும் அது விடவில்லை. கோழி வலையைத் தரையோடு விரித்தேன். வலையில் கால் வைக்கப் பூனைக்குப் பிடிக்காது, தோண்டவும் முடியாது. அதில் ஒரு சிக்கல். அறுத்து அறுத்து எடுக்கிற அரைக்கீரைக்கு வலை அப்படியே கிடக்கலாம். சிறுகீரையை வேரோடு பிடுங்க வேண்டும், செடி கண்ணியில் மாட்டிக்கொண்டு வராது. கடைசியில் செங்கல் வைத்து ஒரு சாண் உயரத்தில் வலையைத் தொய்வாகக் கட்டினோம். ஏறினால் ஆடும், ஆடினால் பூனை இறங்கிவிடும். செடி நாலு விரல் வளர்ந்ததும் வலையைச் சுருட்டி எடுத்துவிடலாம், ஏனென்றால் அதற்குள் மண் மூடிவிடுகிறது. பெட்டைக்கு வேண்டியது வெறும் மண். விதைத்ததிலிருந்து மண் மூடும்வரையான 12, 15 நாள்தான் காவல் தேவை. வருஷம் முழுக்கக் காவல் காக்க வேண்டும் என்று நினைத்துத்தான் மலைத்துப் போயிருந்தோம்.

வெளியே திறந்து கிடந்த மற்ற பாத்திகளில் விதை முளைக்கும்வரை தேங்காய்க் கதம்பையை, அதாவது உரிமட்டையை, நெருக்கமாகக் கவிழ்த்து வைத்தோம். காசில்லாத வேலை.

வெள்ளைக்குத் திண்ணையில் ஒரு பழைய சாக்கு. இரண்டே நாளில் அங்கே குடியேறிவிட்டது. இதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

கடுவன் விஷயத்தில்தான் தோற்றேன். கடுவன் பீய்ச்சுவது சண்டைக்கும் இணைக்குமான அறிவிப்பு. காயடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும் அல்லது குறையும். சேச்சியிடம் பேசினேன். அவருக்கு முதலில் மனசில்லை. "பாவமல்லே" என்றார். பெட்டைக்குக் கர்ப்பம் ஒன்பது வாரம்தான், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடித்துவிடும், அதற்கு முந்தின வருஷம் இரண்டு ஈற்றில் எத்தனை குட்டி தங்கியது என்று அவர் வாயாலேயே எண்ணச் சொன்னேன். எட்டில் ஒன்று. அந்த ஒன்றுதான் வெள்ளை. மறுநாள் அவரே கூடையோடு வந்தார். பெட்டைக்குத் தென்காசியில் கருத்தடை செய்து கூட்டிவந்தோம், ஆளுக்குப் பாதிச் செலவு. கடுவனைப் பிடிக்க மத்தித் தலையை வைத்து மூன்று ராத்திரி காத்தோம். தலையை மட்டும் தின்றுவிட்டுப் போயிற்று. தூணைச் சோப்புத் தண்ணீரும் வினிகரும் போட்டுக் கழுவுவதுதான் இன்றைக்கும் நடக்கிறது.

மத்தி என்றதும் ஞாபகம் வருகிறது. சேச்சி மீன் கழுவுகிற கல் எங்கள் சுவரை ஒட்டி இருந்தது. அதை அவரே அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார், நான் கேட்காமலே. மரநாய் விவகாரத்துக்குப் பிறகு அம்மா ஒரு கிண்ணம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் விசாரிக்கவில்லை.

தங்கச்சியின் பயம்

பயம் எதைப் பற்றி என்றால் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பூனை மலத்தில் இதன் முட்டை போன்ற உறை வெளியேறும். கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. ஆனால் வெளியே வந்த உடனே அது தொற்றாது, அந்த நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் பெரும்பகுதி ஆபத்து அங்கேயே முடிந்தது. அள்ளாமல் விட்டால் ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால்தான் கண்ட இடத்தில் போவதைவிட ஒரே மணல் குழியில் போவது நல்லது என்று வற்புறுத்தினேன். காலையில் கையுறை போட்டு நான் அள்ளுவேன், தென்னைக்கும் போடாமல் தனியாக ஆழப் புதைப்பேன். கீரையை நாலு தண்ணீரில் அலசி வேகவைத்தே தின்கிறோம், அந்தச் சூட்டில் எதுவும் தங்காது. சரியாக வேகாத இறைச்சியாலும் இது வரும் என்பதைப் பூனையைத் திட்டுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. தங்கச்சியைப் பாத்திப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பூனையை விடப் பெரும்பாடாக இருந்தது.

பூனையே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "அப்புறம் நெல்லுக் குதிருக்கு நீயா ராத்திரி காவல் இருப்ப?" என்றாள். குற்றம் சாட்டியதே அவள்தான் என்பதை நான் நினைவூட்டவில்லை.

நாள்காட்டித் தாளில் கடைசிக் குறிப்பு ஆவணி 3ஆம் தேதி எழுதியது. பாத்தியில் குழி இல்லை, 19ஆம் நாள். மணலில் ஒன்று. வெள்ளை சாக்கில். தூணில் கடுவன், இரவு 2 மணி வாக்கில். சுவர்மேல் பப்பாளி விதை.